எஞ்சின் இல்லாத அணி

ஏப்ரல் மாதத்தில் பகல் பதினொரு மணிக்கு மேல் வல்லம் வடகால் சிப்காட் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கலாம். ஒரு பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டபடியே மேலே போய்க்கொண்டிருக்கும். ஷெட் உயரத்தில் இருந்தது சில நிமிடங்களில் கண்ணுக்குப் புள்ளியாகிவிடும். இவ்வளவு உயரம் ஏறியதில் அதன் சொந்தப் பலம் மிகக் குறைவு. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து கிளம்பிய சூடான காற்றுதான் அதைத் தூக்கிச் சென்றது.

2018இல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நேபாளம் வென்றது ஒரே ஒரு பதக்கம். அதையும் இதே காற்றுதான் வாங்கிக் கொடுத்தது. ஆண்கள் அணிகளுக்கான நெடுந்தூரப் பாராகிளைடிங் போட்டியில் ஜப்பான் தங்கம் வென்றது, நேபாளம் வெள்ளி வென்றது. பாராகிளைடரில் எஞ்சின் கிடையாது. துணியாலான ஓர் இறக்கை, நூல் போன்ற கயிறுகள், ஓர் இருக்கை, அதில் ஒரு மனிதர். இதை வைத்துக்கொண்டு மலையிலிருந்து மெல்ல இறங்குவது எளிது. அறுபது, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலக்குக்கு, மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேருவதுதான் போட்டி.

ஒருவர் ஓர் இறக்கையில் தனியாகப் பறக்கும் விளையாட்டில் "அணி" எதற்கு என்று கேட்கத் தோன்றும். நாடுகள் கொடியோடு வந்து இறங்குவதற்காக வைத்த ஏற்பாடு என்றும் நினைக்கலாம். உண்மை வேறு. அணிக்கான தேவையைக் காற்றின் இயற்பியலே உண்டாக்குகிறது.

தரை எப்படித் தூக்குகிறது

சூரியன் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் கொஞ்சம். ஒளி தரையில் விழுகிறது, தரை சூடாகிறது, தரை தன்மேல் படிந்திருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் வந்து சேரும். எல்லாத் தரையும் அதை ஒரே மாதிரி செலவழிப்பதில்லை.

இதை விளக்க வல்லம் வடகாலை விட நல்ல இடம் கிடைப்பது கடினம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலான இந்த வட்டாரம் ஒரு காலத்தில் முழுக்க ஏரிப் பாசன நிலம். இப்போது ஏரியும் வயலும் மிச்சமிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே தொழிற்சாலைகளின் நீண்ட கூரைகள், புது வண்டிகள் நிற்கும் தார்த்தளங்கள், லாரிகள் ஓடும் அகலச் சாலைகள், கட்டடத்துக்குக் காத்திருக்கும் செம்மண் மனைகள். நீர் நிற்கும் வயலில் வெயிலின் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். அதனால் வயலின் மேலுள்ள காற்று மெதுவாகத்தான் சூடேறும். பக்கத்திலேயே காய்ந்து கிடக்கும் மனையில் ஆவியாக ஈரமில்லை. வெயில் முழுவதும் மண்ணுக்கும் காற்றுக்கும் போகிறது. வெள்ளைக் கூரை வெயிலில் நிறையத் திருப்பி அனுப்பிவிடும், கருந்தார் விழுங்கிக்கொள்ளும். கனத்த கான்கிரீட் சூடாக நேரமெடுக்கும், சூரியன் சாய்ந்த பிறகும் விடாமல் சூட்டைக் கக்கும்.

காற்று மேலே எழ, சூடு மட்டும் போதாது. பக்கத்துக் காற்றை விடச் சூடாக இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே அளவில் சூடானால் எதுவும் எழ வேண்டிய அவசியமில்லை. வயலும் தார்த்தளமும் அடுத்தடுத்து இருப்பதால்தான் தார்த்தளத்தின் காற்று உருண்டு திரண்டு கிளம்புகிறது. பைலட்டுகள் இதைத் தெர்மல் என்கிறார்கள்.

எவ்வளவு பலம் இதற்கு? நூறு மீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றுருண்டையை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாது என்றாலும் அதன் எடை சுமார் 600 டன். சுற்றியுள்ள காற்றை விட அது 2 டிகிரி மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அடர்த்தி முக்கால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். 600 டன்னில் அது கிட்டத்தட்ட 4 டன். அந்த 4 டன் மிதப்பு விசை உருண்டையை மேலே தள்ளுகிறது. பைலட்டும் இறக்கையும் சேர்ந்து நூறு கிலோ சொச்சம். தெர்மலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தெர்மல் எங்கிருந்து பிரியும் என்பது அடுத்த கேள்வி. ஓட்டுக்கூரையில் சரிந்து வரும் மழைநீர் நடுவில் சொட்டாமல் விளிம்புக்கு வந்துதான் சொட்டும். சூடான காற்று அதையே தலைகீழாகச் செய்கிறது. தரையோடு ஒட்டி நகர்ந்து, ஒரு விளிம்பு கிடைத்ததும் அங்கிருந்து பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. ஏரிக்கரை, மரவரிசை, உயர்ந்த ஷெட்டின் சுவர், வயலும் மனையும் சந்திக்கும் கோடு எல்லாம் அப்படிப்பட்ட விளிம்புகள். நல்ல பைலட் மேலிருந்து நிலத்தைப் பார்க்கும்போது இந்த விளிம்புகளைத்தான் தேடுகிறார்.

கூரை எங்கே இருக்கிறது

மேலே போகும் காற்றின் மேல் அழுத்தம் குறைகிறது, அது விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் மேகமாகத் திரளாத வரை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 9.8 டிகிரி. ஓர் உயரத்தில் ஈரம் திரண்டு மேகமாகிவிடும். அந்த உயரத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. தரை வெப்பநிலையிலிருந்து பனிநிலை வெப்பநிலையை, அதாவது காற்றின் ஈரம் திரளத் தொடங்கும் வெப்பநிலையை, கழித்து 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் மீட்டரில் கிடைக்கும். கோடைப் பகலில் வல்லம் வடகாலில் 35 டிகிரி, பனிநிலை 23 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 12. மேகம் தொடங்குவது சுமார் 1,500 மீட்டரில்.

பாராகிளைடர் பைலட்டுக்கு அதுவே கூரை. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சாதாரண இறக்கை எட்டு ஒன்பது மீட்டரும், போட்டி இறக்கை பத்துக்கு மேலும் முன்னேறும். 1,500 மீட்டரிலிருந்து எட்டு மடங்கு என்றால் 12 கிலோமீட்டர். வல்லம் வடகாலின் மேலிருந்து கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் தரை வந்துவிடும். அதற்குள் அடுத்த தெர்மல் கிடைக்க வேண்டும். கிடைத்தால் மறுபடி ஏறலாம், மறுபடி சறுக்கலாம். நெடுந்தூரப் பறத்தல் என்பது இந்த ஏறுதலும் சறுக்குதலும் மாறி மாறி வருவதுதான். உலகச் சாதனைகள் 600 கிலோமீட்டரைத் தொட்டதும் இப்படித்தான், பிரேசிலின் வடகிழக்குச் சமவெளியிலும் அமெரிக்காவின் டெக்சாஸிலும்.

மேகத்துக்குள் புகுவது போட்டியில் தடை. காரணம் தெரிய 2007ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் உலக சாம்பியன்ஷிப் தொடங்குவதற்கு முன், பிப்ரவரி 14 அன்று, பயிற்சிக்குப் பறந்த ஜெர்மனி அணியின் ஈவா விஷ்னியர்ஸ்காவை ஓர் இடிமேகம் உள்ளிழுத்துக்கொண்டது. கருவியில் பதிவான உயரம் 9,946 மீட்டர். எவரெஸ்டை விட ஒரு கிலோமீட்டருக்கு மேல் அதிகம். ஆக்சிஜன் போதாமல் நினைவிழந்தவர், இறக்கை தானாகவே கீழிறங்கியதால் பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை. மேகத்துக்குள் நீர் திரளும்போது வெளியாகும் வெப்பம் காற்றை இன்னும் வேகமாக மேலே தள்ளும். கீழே நமக்கு உதவுகிற இயற்பியலேதான் அங்கே ஆளைக் கொல்கிறது.

வேகத்தின் கணக்கு

1978இல் பிரான்சின் மியுசி என்ற மலைக் கிராமத்தில் ஜான்-குளோட் பெடான் உள்ளிட்ட பாராசூட் வீரர்கள் விமானச் செலவை மிச்சப்படுத்த, சதுரப் பாராசூட்டை விரித்துச் சரிவில் ஓடிக் குதித்தார்கள். பாராகிளைடிங் அங்கேதான் வேரூன்றியது. பதினோரு ஆண்டுகளில், 1989இல், ஆஸ்திரியாவின் கோசனில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்துவிட்டது. ஆனால் பந்தயத்தின் கணக்கு அதற்கும் பழையது. 1956இல் கிளைடர் விமான உலகப் பட்டத்தை வென்ற அமெரிக்கர் பால் மக்ரெடி போட்டது அது.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: ஒரு தெர்மலுக்கும் அடுத்த தெர்மலுக்கும் இடையே எவ்வளவு வேகமாகப் பறக்க வேண்டும்? வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் போகலாம், ஆனால் உயரம் அதிகமாகக் கரையும். கரைந்த உயரத்தைத் திரும்ப ஏற நேரம் செலவாகும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஓர் இறக்கை மணிக்கு 50 கிலோமீட்டரில் பறந்தால் நொடிக்கு 1.5 மீட்டர் இறங்குகிறது, 60இல் பறந்தால் 2.2 மீட்டர் இறங்குகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் 1,000 மீட்டர் ஏறி, அதைச் சறுக்கிச் செலவழிக்கிறோம். தெர்மல் நொடிக்கு 1 மீட்டர்தான் தூக்குகிறது என்றால் 50இல் போகிறவரின் சராசரி மணிக்கு 20 கிலோமீட்டர், 60இல் போகிறவருக்கு 19க்கும் குறைவு. அவசரப்பட்டவர் பின்தங்குகிறார். தெர்மல் 2 மீட்டர் தூக்கினால் இருவருக்கும் ஏறக்குறைய 28.6, சமம். 3 மீட்டர் தூக்கினால் மெதுவாகப் போகிறவருக்கு 33, வேகமாகப் போகிறவருக்கு 34.6.

ஆக, இப்போது எவ்வளவு வேகமாகப் பறக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது, இன்னும் போய்ச் சேராத அடுத்த தெர்மலின் பலம். அது தெரியாமல் சரியான வேகத்தை எடுக்க முடியாது. காற்றோ கண்ணுக்குத் தெரியாது. அணியின் தேவை பிறப்பது இந்த இடத்தில்தான்.

நான்கு பேர், நான்கு உணரிகள்

பைலட்டின் தோளருகே வேரியோமீட்டர் கூவிக்கொண்டே இருக்கும். ஏறினால் கீச்சென்று வேகமாக, இறங்கினால் கனத்த குரலில். உள்ளே இருப்பது காற்றழுத்த உணரி. பத்து சென்டிமீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு பாஸ்கலுக்குச் சற்று அதிகமாகக் குறையும், அதாவது மொத்த வளி அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. அந்த மாற்றத்தையும் இன்றைய உணரிகள் பிடித்துவிடும். இதே வகையைச் சேர்ந்த உணரிகள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தயாராகும் ஐபோன்களிலும் இருக்கின்றன. ஆனால் வேரியோ சொல்வது, நான் இப்போது இருக்கும் இடத்தில் காற்று என்ன செய்கிறது என்பதை மட்டும். நூறு மீட்டர் வலப்பக்கம் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அங்கே சக வீரர் ஒருவர் பறந்தால் தெரியும். அவர் இறக்கை திடீரென்று எழும்பினால் அங்கே தெர்மல், அமிழ்ந்தால் இறங்குகாற்று. ஒவ்வோர் இறக்கையும் மற்றவர்களுக்கு ஓர் உணரி. ஒரு சறுக்கலில் ஒருவர் தனியாகப் போகும்போது நல்ல தெர்மலில் மோத மூன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் இடைவெளி விட்டுப் பக்கவாட்டில் விரிந்து போனால், நால்வரில் ஒருவருக்காவது கிடைக்கும் வாய்ப்பு 80 சதவீதம். ஒருவருக்குக் கிடைத்தால் நால்வரும் அங்கே திரும்பிவிடலாம். 33 சதவீதத்திலிருந்து 80க்குப் போக ஒருவரும் புதிதாக எந்தத் திறமையும் கற்கவில்லை, விரிந்து பறந்தார்கள், அவ்வளவுதான்.

பறவைகள் இதை எப்போதோ செய்துவிட்டன. ஒரகடத்திலிருந்து தெற்கே இருக்கும் வேடந்தாங்கலில் கூழைக்கடாக்கள் முன்பகல் சூடேறும் வரை காத்திருந்து, கூட்டமாகத் தெர்மலில் சுழன்று ஏறி, வரிசையாக இரை தேடும் ஏரிகளுக்குச் சறுக்குவதைப் பார்க்கலாம். இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கில் பிணந்தின்னிக் கழுகுகள் சுற்றும் இடத்தைப் பார்த்து பைலட்டுகள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள்.

போட்டியின் விதிகள் இந்தக் கூட்டுறவைச் சிக்கலாக்குகின்றன. ஒவ்வொரு நாளும் வானிலையைப் பார்த்து அன்றைய பாதை அறிவிக்கப்படும். கடக்க வேண்டிய புள்ளிகள் ஜிபிஎஸ்ஸில் குறிக்கப்பட்ட வட்டங்கள். தொடக்கக் கோடும் வானத்தில்தான். குறித்த நேரம் வந்ததும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இறக்கைகள் ஒரே நேரத்தில் புறப்படும். முதலில் போகிறவர் தெர்மலைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவை ஏற்கிறார். பின்னால் வருகிறவர் அவரைப் பார்த்துக்கொண்டே இலவசமாக ஏறுகிறார். எல்லோரும் பின்னால் வரவே விரும்பினால் பந்தயமே நடக்காது. இதற்காகத்தான் கெரோல்ஃப் ஹைன்ரிக்ஸ், ஆஞ்செலோ கிரபன்சானோ, பால் மாலிசன் ஆகிய மூவர் வகுத்த புள்ளி முறையின் வழிவந்த இன்றைய முறைகளில், தூரத்துக்கும் நேரத்துக்கும் மட்டுமின்றி முன்னால் பறந்ததற்கும் தனிப் புள்ளி உண்டு.

நாடுகளின் சாம்பியன்ஷிப்பில், அணியில் அன்று நன்றாகப் பறந்த சிலரின் புள்ளிகளே கூட்டப்படும். அதனால் ஒருவர் தன் ஓட்டத்தைப் பணயம் வைத்து ஆபத்தான பாதையைச் சோதிக்கலாம். தேறினால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள். தேறாமல் வயலில் இறங்கினால் அவர் புள்ளி போகும், அணியின் புள்ளி போகாது. கீழே அணித்தலைவர் நேரலை வரைபடத்தில் எல்லா இறக்கைகளையும் பார்த்து வானொலியில் சொல்லிக்கொண்டிருப்பார்.

நேபாளத்தின் வெள்ளி வந்த வழியும் இதுதான். பொக்ராவின் சாரங்கோட் மலையில் சுற்றுலாப் பயணிகளை முன்னால் கட்டிக்கொண்டு பறப்பதையே பிழைப்பாகக் கொண்ட பைலட்டுகள் ஏராளம். ஒரே பள்ளத்தாக்கில், ஒரே வானத்தில், பலர் அன்றாடம் காற்றை வாசிக்கிறார்கள். எந்தப் பாறை எந்த நேரத்தில் தூக்கும் என்பது ஊர்ப்பேச்சாகிவிடுகிறது. பணக்கார நாடுகளின் அணிகளுக்கு நடுவே அவர்கள் நின்றது இந்தப் பொது அறிவின் பலத்தில்.

இந்தியாவில் அதற்கு நிகரான இடம் பீர் பில்லிங். 2015 அக்டோபரில் நாட்டின் முதல் பாராகிளைடிங் உலகக் கோப்பை அங்கே நடந்தது, 2024 நவம்பரில் மறுபடியும். புறப்படும் இடம் சுமார் 2,400 மீட்டர் உயரம். பின்னால் தௌலதார் மலைத்தொடர் தெற்கு, தென்மேற்கு நோக்கிய சரிவுகளோடு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்கிறது. பருவமழை ஓய்ந்து காற்று உலர்ந்த அக்டோபர் வெயில் அந்தச் சரிவுகளில் நேராக விழுவதால், தெர்மல்கள் மலையோரமாக வரிசை கட்டி நிற்கும்.

இங்கே ஏன் பறக்க முடியாது

அப்படியானால் வல்லம் வடகால்? வெயில் இருக்கிறது, விளிம்புகள் இருக்கின்றன, பருந்துகளே சாட்சி. மலை இல்லாதது பெரிய குறையல்ல. சமவெளியில் இழுவைக் கயிற்றால் தூக்கிவிட்டுப் பறக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. தடைகள் வேறு.

முதலாவது கடல். கடற்கரை இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். கோடையில் நண்பகலையொட்டி கடற்காற்று கரையேறி, பிற்பகலில் இந்தப் பக்கம் வரும். குளிர்ந்த, கனத்த அந்தக் காற்று தரையோடு பரவியதும் தெர்மல்கள் அடங்கிவிடும். அதன் முன்விளிம்பிலோ கதை வேறு. உள்நாட்டுச் சூடான காற்றைக் கடற்காற்று நெம்பித் தூக்கும் கோடு அது. ஜூன், ஜூலை மாலைகளில் ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி பக்கம் திடீரென்று இடி மின்னலோடு கொட்டும் மழைகளில் பல இந்தக் கோட்டில் பிறப்பவை. தூக்கும் காற்று உண்டு, ஆனால் மனில்லாவில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய காற்று.

இரண்டாவது, மேலே இருக்கும் போக்குவரத்து. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகில். மேற்கே பரந்தூரில் புதிய விமான நிலையத் திட்டம். வல்லம் வடகாலிலேயே வான்வெளித் தொழிற்பூங்காவும், ஆளில்லா விமானங்களுக்கான சோதனை மையமும் திட்டமிடப்பட்டவை. இந்த வானம் ஏற்கெனவே பங்கு போடப்பட்டுவிட்டது. கீழே உயரழுத்த மின்கம்பிகளும் சரக்குச் சாலைகளும் இருக்கையில், தெர்மல் கிடைக்காதவர் அவசரமாக இறங்கவும் இடமில்லை.

ஆகவே இந்தப் பகுதியின் வெப்பக்காற்றைப் பருந்துக்கு விட்டுவிடுவதுதான் சரி. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் பெங்களூரு சாலையில் போனால், திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி வருகிறது. பாராகிளைடிங் நடந்து பழகிய மலை அது. சுற்றுலா விழாவுக்கு இறக்கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்வதோடு அது நின்றுவிடக் கூடாது. வளரும்போது பாதுகாப்பும் கூடவே வர வேண்டும். 2011இல் ஸ்பெயினின் பியட்ராஹிதாவில் இரண்டு வீரர்கள் இறந்ததும் உலக சாம்பியன்ஷிப்பையே நிறுத்தி, வேகத்துக்காக மட்டும் செய்யப்பட்ட இறக்கைகளை விலக்கியது சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு. அந்த ஒழுங்கு பயிற்சிக் களத்திலிருந்தே தொடங்க வேண்டும்: சான்று பெற்ற இறக்கை, தேர்ச்சி பெற்ற பயிற்றுநர், ஆபத்துப் பாராசூட், வானிலை சரியில்லாத நாளில் யாரையும் ஏற்றாத உறுதி.

பதக்கம் வேண்டுமென்று நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதால் அணி உருவாகாது. ஒரே மலையில், ஆண்டு முழுவதும், பத்திரமாகப் பறக்கும் ஐம்பது பேர் முதலில் வேண்டும். அவர்களிலிருந்து வரும் நால்வர்தான் அணி. பொக்ரா செய்தது அது. ஏலகிரியாலும் அது முடியும், அரசும் பறப்பவர்களும் விழாக்களைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினால்.